புன்செய்த் தானியமும் புறம்போக்கு நிலமும்: பேண்தகு வாழ்வில் மதிப்பீட்டு மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

மாற்று உணவும் நில மீட்பும் பேண்தகு வாழ்வு குறித்த ஆய்வுகளில் பெரும்பாலும் தனித்தனியே பேசப்படுகின்றன. தமிழகத்தில் இவ்விரண்டின் சரிவுக்கும் அவற்றைத் தாழ்வாகக் கருதிய மதிப்பீடு ஒரு பொதுக் காரணமாக அமைந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கொல்லிமலைச் சிறுதானியங்கள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அடையாற்றுக் கழிமுகப் பூங்கா ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுதானியம், புன்செய், புறம்போக்கு, சதுப்புநிலம், பொதுநிலம், பேண்தகு வாழ்வு.

முன்னுரை

நீர்ப்பாசனம் உள்ள நிலத்தை நன்செய் என்றும், மழையை நம்பிய நிலத்தைப் புன்செய் என்றும் தமிழர் வழங்கினர். முன்னது நன்மையையும் பின்னது புன்மையையும் அடியாகக் கொண்டவை. நிலத்தின் தரம் நீரால் மட்டுமே அளக்கப்பட்டதை இச்சொற்களே காட்டுகின்றன. புறம்போக்கு என்பது வரிவிதிப்புக்குப் புறம்பான நிலம். ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, சுடுகாடு எனப் பலரும் பயன்கொள்ளும் இடங்கள் இதில் அடங்கும். தனியொருவருக்கு உரிமையற்ற நிலம் என்னும் பொருள் நாளடைவில் பயனற்ற நிலம் என்று திரிந்தது. பின்னர் மனிதரை ஏசும் சொல்லாகவும் ஆயிற்று. புன்செய்த் தானியம் ஏழையின் உணவென்றும், புறம்போக்கு நிலம் வீண் நிலமென்றும் கருதப்பட்டதன் விளைவுகளை இனிக் காண்போம்.

சிறுதானியத்தின் சரிவும் மீட்சியும்

வரகு, தினை, கொள், அவரை ஆகிய நான்கையன்றி வேறு உணவில்லை என்னும் கருத்தைப் புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார் பதிவு செய்துள்ளார். குறைந்த நீரில் விளைதல், இரண்டு முதல் நான்கு மாதங்களில் அறுவடைக்கு வருதல், நெடுநாள் கெடாதிருத்தல் ஆகியன இத்தானியங்களின் இயல்புகள். ஊட்டத்திலும் இவை குறைந்தவையல்ல. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவினதே.

இத்தகைய தானியம் ஏன் கைவிடப்பட்டது? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இதற்குத் தெளிவான விடை தருகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றின் பல நாட்டு வகைகளைப் பேணி வந்தனர். சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்குத் தேவையான மரவள்ளி பணப்பயிராக மலையேறியபோது சிறுதானியப் பரப்புச் சுருங்கியது. நியாயவிலைக் கடை அரிசி உணவுத் தேவையை நிறைவு செய்தது. இவற்றோடு அதிகம் கவனிக்கப்படாத மற்றொரு காரணமும் உண்டு. சாமை, தினை, வரகு ஆகியவற்றின் உமியை நீக்குதல் கடினம். உரலிலும் திரிகையிலும் அவ்வேலையைச் செய்தவர்கள் பெண்கள். அரிசியை நோக்கி அவர்கள் நகர்ந்ததை வெறும் நாகரிக மோகம் என்று கூறுதல் பொருந்தாது. அவர்களது உடலுழைப்பு குறைந்தது என்பதே உண்மை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் மேற்கொண்ட பணிகளில் விதைப் பாதுகாப்போடு உமிநீக்கும் சிறு எந்திரங்களும் மகளிர் குழுக்களும் இடம்பெற்றமை இதனால் முதன்மை பெறுகிறது. தானியத்தின் பெருமையை எடுத்துரைப்பதோடு நில்லாமல் உழைப்புச் சுமையைக் குறைத்ததே அம்முயற்சியின் சிறப்பாகும்.

அரசின் சொல்வழக்கும் மாறியது. பருவட்டுத் தானியங்கள் எனப்பட்டவற்றை 2018இல் இந்திய அரசு ஊட்டத் தானியங்கள் என அறிவித்தது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்தது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு உமிநீக்கம் தேவையில்லை. நேரே அரைத்துப் பயன்படுத்தலாம். எனவே இத்தேர்வு வீட்டு அடுக்களையின் நடைமுறைக்கும் ஏற்றதாகும்.

வீண்நிலம் எனப்பட்ட நீர்நிலம்

தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீரைப் பள்ளிக்கரணை ஏற்கிறது. அந்நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் நீரைத் தேக்கி மெல்ல வெளியேற்றுதல், நிலத்தடி நீரைப் பெருக்குதல், வலசைப் பறவைகளுக்கு இரை தருதல் ஆகியன இச்சதுப்பின் பணிகள். வரி தராத இந்நிலத்தின் பெரும்பகுதி சாலைகளாகவும் கட்டடங்களாகவும் பெருங்குடிக் குப்பைமேடாகவும் மாறியது. 2015 திசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மூழ்கின. கணக்கில் வராத நிலம் செய்துவந்த பணி அப்போதுதான் பலருக்கும் புலனாயிற்று.

2007இல் 317 எக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இச்சதுப்புநிலம் இடம்பெற்றது. பெருங்குடியில் பழைய குப்பையை அகழ்ந்து, நுண்ணுயிர்களால் பக்குவப்படுத்தி, சலித்து, மண், கல், எரியத்தக்க நெகிழி எனப் பிரிக்கும் உயிரிவழி அகழ்வுப் பணியும் மேற்கொள்ளப்பட்டது.

அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்ட 58 ஏக்கர் நிலம் தூய்மைப்படுத்தப்பட்டது. நீர்ப்பரப்பு மீட்கப்பட்டு, இம்மண்ணுக்குரிய மரஞ்செடிகள் நடப்பட்டு, 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சூழலியல் நோக்கில் இது நல்ல முன்மாதிரி. எனினும் பொதுமக்களின் நுழைவு அங்கு நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மீட்கப்பட்ட நிலத்துக்கு அமைதி தேவை என்பது ஏற்கத்தக்கதே. ஆயினும் புறம்போக்கு என்னும் சொல்லின் பழைய பொருளான பொதுப்பயன் அதில் எவ்வாறு இடம்பெறும் என்னும் வினாவும் எழுகிறது.

மதிப்பு யாரைச் சேர்கிறது?

இரண்டு மீட்சிகளிலும் ஒரே இடர் காணப்படுகிறது. சிறுதானியம் நகரக் கடைகளில் நலவுணவாக விலையேறும்போது, அதை விளைவித்தோர் குறைந்த விலைக்கு விற்று அரிசியையே உண்ணும் நிலை உருவாகலாம். மிகுதியாகத் தீட்டி, சர்க்கரை சேர்த்துப் பொதியிட்டால் அதன் நார்ச்சத்தும் பயனும் குறையும். அவ்வாறே சதுப்புநிலம் காக்கப்படும்போது, அதன் கரையில் மீன்பிடித்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்தோர் ஆக்கிரமிப்பாளராக மட்டுமே பார்க்கப்படும் நிலையும் நேரலாம். தாழ்வாக எண்ணப்பட்ட காலத்தில் பயன்படுத்திப் பேணியவர்கள், உயர்வாக எண்ணப்படும் காலத்தில் வெளியேற்றப்படுவது பேண்தகு வாழ்வாகாது.

முடிவுரை

உணவும் நிலமும் மீள்வதற்குப் பெயர் மாற்றமும் விழிப்புணர்வும் தொடக்கமாக அமையலாம். அவை மட்டும் போதா. சிற்றூர் அளவில் உமிநீக்கும் எந்திரங்கள், விளைவித்தவருக்கு முதலில் உணவாகும் வகையிலான உள்ளூர்க் கொள்முதல், நியாயவிலைக் கடைகளில் விரும்பியோர்க்குச் சிறுதானியம் ஆகியவை உணவின் தரப்பில் தேவைப்படுகின்றன. நிலத்தின் தரப்பில், நீர்நிலங்களின் எல்லையை அளந்து பொதுவில் அறிவித்தலும், கரைவாழ் மக்களைப் பாதுகாப்பில் பங்காளிகளாக ஏற்றலும் வேண்டும். விளைவித்தோரின் வீட்டுக் கலத்தில் சாமைச் சோறு மீண்டும் இடம்பெறுகிறதா, அடுத்த பெருமழையில் சதுப்பு நீரைத் தாங்குகிறதா என்பவற்றைக் கொண்டே இம்முயற்சிகளின் பயனை மதிப்பிட வேண்டும்.