அயர்லாந்தின் கிளப் கிரிக்கெட்

2011-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் பெங்களூரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தை அந்நகர்வாழ் தமிழர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்து எடுத்த 327 ஓட்டங்களைத் தாண்டி அயர்லாந்து வென்றது. கெவின் ஓ'பிரையன் 50 பந்துகளிலேயே சதம் கண்டார். அச்சிறு தீவு இத்தகைய வீரரை எங்ஙனம் வளர்த்தது என்பதைச் சிறிது நோக்குவோம்.

ஓ'பிரையன் டப்ளினிலுள்ள ரயில்வே யூனியன் கிளப்பில் ஆடியவர். அத்தீவில் கிளப்புகளே கிரிக்கெட்டின் வேர். டப்ளினைச் சூழ்ந்த லென்ஸ்டர், பெல்பாஸ்டைச் சூழ்ந்த வடபகுதி, டெரியைச் சூழ்ந்த வடமேற்கு, தெற்கே மன்ஸ்டர் எனப் பல வட்டாரங்கள். அவற்றுக்குத் தனித்தனி நிர்வாகம். லீக்கில் அணிகள் பருவம் முழுவதும் ஆடிப் புள்ளிகள் சேர்க்கும். கோப்பைப் பந்தயத்திலோ ஒருமுறை தோற்றவர் வெளியேறுவர். வடபகுதிக் கோப்பை 1887-இல் தொடங்கியது. லென்ஸ்டர் லீக் 1919-இல் தோன்றியது.

கிரிக்கெட்டை அந்நியர் ஆட்டமெனக் கருதிய கேலிக் விளையாட்டுச் சங்கம், தன் உறுப்பினர் அதனை ஆடலாகாதென 1971 வரை தடுத்திருந்தது. 1921-இல் தீவும் இரண்டாகப் பிரிந்தது. ஆயினும் தேசிய அணி பிரியவில்லை. 1969-இல் சயன் மில்ஸ் என்னும் வடமேற்குச் சிற்றூரின் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் அணியை 25 ஓட்டங்களுக்குள் சுருட்டியதும் அவ்வணியே. 1982-இல் தொடங்கிய ஐரிஷ் சீனியர் கோப்பை, எல்லையின் இருபுறத்துக் கிளப்புகளையும் ஒரே பந்தயத்தில் சேர்த்தது. 2017-இல் அயர்லாந்து டெஸ்ட் தகுதி பெற்றது.

அரசியல் வகுத்த கோட்டைச் சனிக்கிழமை ஆட்டங்கள் அமைதியாகக் கடந்தன. பெங்களூரில் நாம் கண்ட வெற்றி, அம்மைதானங்களில் விளைந்த பயிரே.