ஒரே ஏசி... ஒருவருக்கு வியர்வை, இன்னொருவருக்கு நடுக்கம்: ஏன் இப்படி?

தரமணி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, வெயிலில் வேகமாக நடந்து ஆபீஸுக்குள் நுழைபவர் முதலில் கேட்பது, "ஏசி ஓடுதா, இல்லையா?" காலையில் இருந்து சீட்டைவிட்டு எழாதவரோ ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துங்களேன்" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

உடம்பே ஒரு ஹீட்டர்

சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இதை அளக்கும் அலகு 'மெட்'. ஒரு சராசரி ஆளுக்கு 1 மெட் என்பது கிட்டத்தட்ட பழைய 100 வாட் குண்டு பல்பு எரிவது போல. டைப் செய்யும்போது 1.1 மெட். மணிக்கு 4 கி.மீ.க்குச் சற்று அதிகமான வேகத்தில் நடந்தால் 2.6. பெருக்குவது, துடைப்பது போன்ற வேலைகளுக்கு 2 முதல் 3.4 வரை. நடையை நிறுத்தினாலும் இந்தச் சூடு உடனே அடங்காது.

ஏசி யாருக்கான கணக்கு?

காற்றின் வெப்பம், சுவர்களின் வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உடல் உழைப்பு. இந்த ஆறும் சேர்ந்ததே சௌகரியம் என்று 1970-ல் சூத்திரம் தந்தவர் டென்மார்க்கின் ஃபேங்கர். ஆனால், உடல் வெப்பத்துக்கான பழைய அளவுகள் 40 வயது, 70 கிலோ ஆணை வைத்து எடுக்கப்பட்டவை. பெண்களின் உடல் வெப்பத்தை இவை 35% வரை கூட்டிக் காட்டக்கூடும் என்றது 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. ஆக, "உனக்கு மட்டும்தான் குளிருது" என்ற கிண்டலுக்கு இடமே இல்லை.

சென்னை உட்பட 5 இந்திய நகரங்களின் அலுவலகங்களில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வும் கவனிக்க வேண்டியது. மக்கள் உண்மையில் உணர்ந்ததைவிட அதிகப் புழுக்கத்தையே ஃபேங்கர் சூத்திரம் கணித்தது. அதாவது, நமக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

* நடந்து வந்த உடனே ரிமோட்டைத் தேடாதீர்கள். ஃபேன் அடியில் 15 நிமிடம் உட்காருங்கள்.
* குளிர்கிறதா? எழுந்து ஒரு ரவுண்டு நடங்கள்.
* 24 டிகிரியில் தொடங்குங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6% மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு.
* ஏசியை அணைத்த பிறகு தரை துடைக்க வருபவரையும் நினையுங்கள். உங்களைவிட இரண்டு, மூன்று மடங்கு சூடு அவர் உடம்பில். ஃபேனையாவது ஓடவிட்டுக் கிளம்புங்கள்.