கேஜிஎஃப் தண்ணீரை யார் டெஸ்ட் செய்வது?

கேஜிஎஃப் என்றால் நமக்கு சினிமா. அங்கே லைன் வீடுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தினமும் தண்ணீர்க் கவலை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஆனால் சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், மேடு மேடாக ஊருக்குள்ளேயே கிடக்கிறது. கோலார் மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பிரச்சினை வேறு.

2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனை கிட்டும் தருகிறார்கள். மக்களே தரவு சேகரிக்கும் அறிவியல் இது. ஆனால் கிராமப்புறத்துக்கான திட்டம். கேஜிஎஃப் நகராட்சிப் பகுதி. சுற்றியுள்ள கிராமங்களுக்கு உண்டு, லைன் வீடுகளுக்கு இல்லை. இது என்ன கணக்கோ!

சரி, நாமே கிட் வாங்கினால்? ஃபுளோரைடு சோதனை சுலபம்: மருந்தை விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஓகே. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி அடர்த்திதான் கூடும். மலக் கிருமி இருக்கிறதா எனப் பார்க்கும் பாட்டிலில் தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்தால் ஆபத்து. 1982-ல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை அது.

வழக்கமான கிட்டில் சயனைடு தெரியாது. அதற்கு ஆய்வகம்தான். எந்த போர்வெல், எந்தத் தேதி என்று மாதாமாதம் குறித்து வைத்தால், சந்தேகமான குழாயைக் காட்டி நகராட்சியிடம் கேட்கலாம். ஆய்வகத்துக்கு சாம்பிள் கொண்டுபோகும் முன், சயனைடு, ஆர்செனிக் பார்க்கும் வசதி இருக்கிறதா என விசாரித்துக்கொள்ளுங்கள்.