அன்று வளையல், இன்று வேலை

1980களில் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் ஒரு கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, வெளிநாட்டு வேலைக்குப் போவதா வேண்டாமா என்று பேசி முடிவெடுத்ததாக யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. பேசியவர்கள் வேறு ஆட்கள்: அப்பா, மூத்த அண்ணன், ஏற்கெனவே துபாயிலோ ஜித்தாவிலோ இருக்கும் மச்சான், விசா கையில் வைத்திருக்கும் ஏஜென்ட். மனைவியிடம் சேதி வந்து சேரும்போது அதில் கேள்வி எதுவும் இருக்காது. "ஏஜென்டுக்குப் பணம் கட்டணும். அந்த வளையலைக் கழட்டிக் கொடு, முதல் சம்பளத்துல மீட்டுடலாம்" என்றுதான் வரும்.

கழற்றிக் கொடுத்தார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் சாலையும் துறைமுகமும் கட்டடமுமாக எழும்பின. அந்த வேலைக்குப் போன நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு முதல் முதலீடு, மனைவியின் கையிலும் கழுத்திலும் இருந்த தங்கம். ஒப்பந்தம் இரண்டு வருடம். முடிந்தால் இரண்டு மாத லீவு. குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள அங்கே சம்பள வரம்பு உண்டு. கொத்தனாரோ டிரைவரோ அந்த வரம்பைத் தொட முடியாது. அதனால் "கூட்டிட்டுப் போவீங்களா?" என்ற பேச்சுக்கே இடம் இருக்கவில்லை.

கடிதம் வர பத்துப் பதினைந்து நாள் ஆகும். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை கடிதத்தைச் சத்தமாகப் படிக்கும். புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்க வேண்டிய பேச்சுக்கு அதில் இடம் ஏது? அதனால்தான் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. பின்னால் தெருமுனையில் மஞ்சள் போர்டு மாட்டிய ஐ.எஸ்.டி. பூத் வந்தது. அங்கேயும் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, வெளியே வரிசையில் நிற்பவர் காதில் விழாமல் பேச வேண்டும்.

ஆனால் அந்தப் பெண்களை வெறுமனே காத்திருந்தவர்களாகப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன். கணவன் அனுப்பிய டிராப்டை வங்கியில் போட்டது, கடனை அடைத்தது, மனை வாங்கி வீடு கட்டியது, நாத்தனாருக்குக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்கள்தான். போகும் முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. போன பின் வந்த சுமை முழுவதும் அவர்கள் தலையில். அதற்கும் முந்தைய தலைமுறையில் பர்மாவுக்கு வட்டித் தொழில் செய்யப் போன செட்டிநாட்டார் வீடுகளிலும் இதே கதை. கணவர் அங்கே கடையின் ஏஜென்டாக மூன்று வருடக் கணக்கில் இருப்பார், மனைவியான ஆச்சி இங்கே பெரிய வீட்டை நடத்துவார்.

இன்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு வீட்டுக்குள் போவோம். இருவருக்கும் வேலை, இருவருக்கும் சம்பளம், வங்கிக் கடனில் வாங்கிய பிளாட். ஒருவருக்கு வெளிநாட்டு ஆஃபர் வருகிறது. இரவு பிள்ளை தூங்கியபின் பேச்சு தொடங்குகிறது. அண்ணனும் மச்சானும் அந்த அறையில் இல்லை. இது பெரிய மாற்றம். இதற்காக நான் மனதார மகிழ்கிறேன்.

ஆனால் அந்த அறைக்குள் வேறொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்: போகப்போகிற நாட்டின் குடியேற்றச் சட்டம். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை செய்ய வெகுகாலம் அனுமதியே இருக்கவில்லை. 2015 மே மாதத்தில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கதவு திறந்தது: கணவன் அல்லது மனைவியின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். வேலைவழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர் வரிசை பல ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அங்கே வளரும் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோரின் விசா நிழலும் போய்விடும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பும் வந்தது. சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்தோர் அனுமதியில் வந்தவர் வேலைக்குப் போகத் தனக்கென்று தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும். ஜெர்மனியின் புளூ கார்டு இதில் நல்ல மனதுடையது: துணைவர் வந்து இறங்கியதும் வேலை தேடலாம். பெரும்பாலான வேலைகளுக்கு மொழி கற்றாக வேண்டும் என்பது வேறு விஷயம்.

பிரிட்டனில் நடந்ததைப் பார்க்கும்போது எனக்கு எண்பதுகள் திரும்பிவிட்டதாகவே தோன்றியது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு விசா கொடுத்தார்கள். 2024 மார்ச் 11 முதல் அந்த வேலைக்குப் புதிதாக வருபவர் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இந்த முறை பல வீடுகளில் விமானம் ஏறியவள் மனைவி. ஊரில் பிள்ளையோடு இருந்தவன் கணவன். வீடியோ காலில் தினமும் முகம் பார்க்கலாம் என்பது ஆறுதல்தான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அந்த ஆறுதல் போதுவதில்லை.

சேர்ந்து பேசுவது வந்துவிட்டது, சரி. பேச்சு எங்கே போய் முடிகிறது? எனக்குத் தெரிந்த வீடுகளில் ஆஃபர் கணவனுக்கு வந்தால், "உனக்கு அங்கே போய் வேற வேலை கிடைச்சிடும்" என்று முடிகிறது. மனைவிக்கு வந்தால், "இப்ப அப்பா அம்மாவை யாரு பார்த்துப்பா?" என்று முடிகிறது. வளையலை அடகுக் கடையிலிருந்து மீட்டுவிடலாம். நிறைய பேர் மீட்டார்கள். எட்டு வருட அனுபவத்தோடு விட்ட வேலையை, நாலு வருட இடைவெளிக்குப் பின் அதே படியில் மீட்பது அத்தனை எளிதல்ல. அன்று கொடுத்ததைவிட இன்று பெண் கொடுப்பது பெரியது என்றே நான் சொல்வேன். அதைக் கடன் என்று யாரும் கணக்கில் எழுதுவதுமில்லை.

பெற்றோரை யார் பார்ப்பது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. கூட்டுக் குடும்பம் இருந்தபோது ஒரு மகன் போனால் இன்னொரு மகன் வீட்டில் இருந்தான். இன்று ஒற்றைப் பிள்ளை போனால் வீடே காலி. ஆனால் அந்தக் கேள்வி இருவருக்கும் ஒரே எடையோடு வர வேண்டும். யார் போகப்போகிறார் என்பதைப் பொறுத்து எடை மாறக்கூடாது.

கொத்தனாருக்கும் டிரைவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் காலம் அவ்வளவாக மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க இன்றும் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். அதற்குக் கீழே சம்பளம் உள்ளவர்களின் வீடுகளில் இன்னமும் நகைதான் அடகுக்குப் போகிறது.

முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆஃபர் கடிதத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னால், துணைக்குக் கிடைக்கும் விசா என்ன, அதில் வேலை செய்யலாமா, எந்த மாதத்திலிருந்து செய்யலாம் என்று பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டு அந்த நாட்டு அரசின் அறிவிப்பையே படியுங்கள். வேலையை விடுகிறவர் நீண்ட விடுப்போ வெளியூரிலிருந்து செய்யும் வேலையோ கேட்டுப் பார்க்கட்டும். ராஜினாமா கடைசியாக இருக்கட்டும். எத்தனை வருடம், எந்த நிலை வந்தால் திரும்புவோம், அடுத்த முறை யாருடைய வேலைக்காக இடம் மாறுவோம் என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இருக்கும் உறையிலேயே அந்தத் தாளையும் வையுங்கள்.