'எக்ஸ்ப்ளைன் மீ' மட்டும் ஏன் தப்பு?

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதல் பகுதி, வந்த ஒரு மின்னஞ்சலுக்குச் சுமார் 80 சொற்களில் பதில் எழுதுவது. அந்தச் சின்ன இடத்திற்குள் 'ஐ வான்ட் டு சஜெஸ்ட் யூ எ பிளேஸ்' என்றோ 'ப்ளீஸ் எக்ஸ்ப்ளைன் மீ தி ரூல்ஸ்' என்றோ நம் மாணவர்கள் எழுதுவதை நீங்களும் பார்த்திருப்பீங்க. சிவப்புக் கோடு போட்டுத் திருத்திவிடலாம். ஆனால், "'டெல் மீ' சரி, 'ஷோ மீ' சரி, இது மட்டும் ஏன் டீச்சர் தப்பு?" என்று ஒரு மாணவன் கேட்டால், "அது அப்படித்தான்" என்பது பதில் ஆகாது.

காரணம் நம் நான்காம் வேற்றுமையில் இருக்கிறது. 'மாலா ரவிக்குப் பேனாவைக் கொடுத்தாள்' என்ற வாக்கியத்தைப் 'பேனாவை ரவிக்கு மாலா கொடுத்தாள்' என்று மாற்றினாலும் பொருள் மாறாது. யாருக்கு என்பதை 'கு' உருபும், எதை என்பதை 'ஐ' உருபும் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இந்த உருபுகள் கிடையாது. அங்கே இரண்டே வழிதான். பெறுபவரை வினைக்கு அடுத்தே நிறுத்தலாம்: 'மாலா கேவ் ரவி எ பென்'. அல்லது பொருளை முன்னால் வைத்து, பெறுபவருக்கு முன் 'டு' போடலாம்: 'மாலா கேவ் எ பென் டு ரவி'. முதல் வாக்கியத்தில் 'கு' உருபின் வேலையை இடமே செய்கிறது. இரண்டாவதில் 'டு' செய்கிறது. நம் பிள்ளைகள் தமிழ் வரிசையை வைத்துக்கொண்டு உருபையும் மொழிபெயர்த்துவிடுவதால்தான் 'கேவ் டு ரவி எ பென்' வருகிறது.

எல்லா வினைகளும் இந்த இரண்டு வழிகளுக்கும் இடம் கொடுப்பதில்லை. கிவ், சென்ட், ஷோ, டெல், லென்ட், டீச் ஆகியவை கொடுக்கின்றன. எக்ஸ்ப்ளைன், சஜெஸ்ட், டிஸ்க்ரைப், ரிப்பீட், அனௌன்ஸ் ஆகியவை 'டு' வழியை மட்டுமே ஏற்கும்: 'எக்ஸ்ப்ளைன் தி ரூல்ஸ் டு மீ'. இரண்டு பட்டியலையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. முதலில் உள்ளவை ஓரசைச் சொற்கள். அடுத்தவை பெரும்பாலும் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த நீளச் சொற்கள், அழுத்தம் இரண்டாம் அசையில் விழுபவை. ஆஃபர், பிராமிஸ் ஆகியவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. அவை 'ஆஃபர் மீ எ ஜாப்' என்பதுபோல் வரும். இதைச் சட்டமாகச் சொல்லிக் கொடுத்துவிடாதீங்க. அவார்ட், அசைன் இரண்டும் இதற்கு அடங்காது. 'சே' ஓரசைதான், ஆனாலும் 'ஹி செட் மீ' தவறு. நமக்கு இரண்டுக்கும் 'சொல்' என்ற ஒரே சொல் இருப்பதால் இந்தக் குழப்பம். 'டெல்' என்றால் பின்னால் கேட்பவர் வருவார். 'சே' என்றால் சொன்ன விஷயம் வரும்.

அடுத்தது, தேர்வில் அதிகம் சறுக்கும் இடம்: பொருளே மூவிடப்பெயராக வரும்போது. 'கிவ் மீ தி புக்' சரி. புத்தகம் 'இட்' ஆகிவிட்டால்? 'கிவ் மீ இட்' என்று இங்கிலாந்தில் பேச்சில் கேட்கலாம். சில வட்டாரங்களில் 'கிவ் இட் மீ' என்றும் சொல்வார்கள். தேர்வில் 'கிவ் இட் டு மீ' என்று எழுதுவதே பாதுகாப்பு. 'இட்' ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் குறிக்கும், அழுத்தமில்லாத சிறு சொல். அது வினையை ஒட்டி நிற்கவே பார்க்கும். இதே காரணத்தால்தான் 'சுவிட்ச் ஆஃப் தி ஃபேன்' சரி, 'சுவிட்ச் ஆஃப் இட்' தவறு, 'சுவிட்ச் இட் ஆஃப்' சரி. இரண்டையும் ஒரே பாடத்தில் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் மாணவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

'அம்மாவுக்குப் புடவை வாங்கினேன்' என்பதில் வரும் 'கு' உருபு 'டு' ஆகாது, 'ஃபோர்' ஆகும்: 'ஐ பாட் எ சாரி ஃபோர் மை மதர்'. பெறுபவர் இல்லாமல் அந்தச் செயல் முடியுமா என்று கேட்கச் சொல்லுங்க. வாங்குவது, சமைப்பது, தைப்பது தனியாகவே முடியும், அங்கே 'ஃபோர்'. கொடுப்பதற்கும் காட்டுவதற்கும் எதிரில் ஆள் வேண்டும், அங்கே 'டு'.

இன்னொரு சின்ன வேறுபாடு. தம்பிக்கு அனுப்பினாலும் ஈப்போவுக்கு அனுப்பினாலும் நமக்கு அதே உருபுதான். ஆங்கிலத்தில் 'ஐ சென்ட் மை பிரதர் எ பார்சல்' சரி. 'ஐ சென்ட் ஈப்போ எ பார்சல்' என்றால் ஈப்போ ஏதோ ஓர் ஆளின் பெயர்போல் ஒலிக்கும். ஊருக்கு 'டு' கட்டாயம்.

கடைசியாக, நம் வகுப்பறைகளில் தினமும் காதில் விழும் 'பாரோ மீ யோர் பென்'. இந்தப் பழியைத் தமிழ்மேல் போட முடியாது. இரவல் கொடு, இரவல் வாங்கு என்று தமிழ் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுவதால் வந்த பழக்கம் இது. அதனால் இதைத் திருத்தும்போது தமிழையே துணைக்கு அழைக்கலாம். 'வாங்கு' வரும் இடத்தில் 'பாரோ'. 'கேன் ஐ பாரோ யோர் பென்?' 'கொடு' வரும் இடத்தில் 'லென்ட்'. 'கேன் யூ லென்ட் மீ யோர் பென்?' அந்தப் பேனாவை முன்பே பேசிவிட்டோம் என்றால், 'கேன் யூ லென்ட் இட் டு மீ?'