கொதிகலனுக்கு ஏற்ற போர்வை

பட்டும் பருத்தியும் தறியேறுமுன் வெந்நீரைக் கடந்தே வருகின்றன. பட்டின் பசை நீங்கவும் சாயம் பற்றவும் சூடு வேண்டும் என்பதைச் செயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளர் நன்கறிவர். அரியலூர் மாவட்டத்து முந்திரி விவசாயிகளுக்கும் இது தொடர்புடையதே. கொட்டையை நீராவியில் அவித்து ஓடு உடைக்கும் முறை இன்று பரவலாக உள்ளது. இவ்விடங்களில் கொதிகலனும் நீராவிக் குழாயும் போர்வையின்றி நிற்குமாயின், விறகின் ஒரு பகுதி காற்றைச் சூடாக்கவே செலவாகும்; தொட்டவர் கையும் வெந்துபோகும்.

போர்வை வாங்குமுன் அறியவேண்டுவது வெப்பத்தின் அளவு. திறந்த சாயத்தொட்டி ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமுள்ள நீராவியும் சுமார் 170 டிகிரியே. அரியலூர் சிமெண்டு ஆலைச் சூளையிலோ கலவை 1,450 டிகிரியளவில் வேகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேலும் தாங்கும் பீங்கான் நார் அத்தகைய உலைத் தொழில்களுக்கு உரியது. நமது குழாய்க்கு அது வீண் செலவு.

நீராவிக் குழாய்க்குக் கண்ணாடிக் கம்பளி போதும். புகைபோக்கி போன்ற மிகுசூடான பகுதிக்குப் பாறைக் கம்பளி நன்று. வளைவுகளுக்கும் வால்வுகளுக்கும் கண்ணாடி நார்த்துணியால் மெத்தைபோலத் தைத்த உறை ஏற்றது. பழுது பார்க்கையில் கழற்றி மாட்டலாம். அத்துணியும் பாவும் ஊடையுமாக நெய்யப்படுவதே. ஆனால் துணி மட்டும் சூட்டைத் தடுக்காது. உள்ளிருக்கும் கம்பளியில் சிறைப்பட்ட காற்றே தடுக்கிறது. ஆகவே அதை இறுக்கி நசுக்கலாகாது, நனையவும் விடலாகாது. மேலே தகரம் போர்த்துவது நலம். சாக்கும் பழந்துணியும் தீப்பற்றுமாதலால் அறவே கூடாது.

கல்நார்க் கயிறும் துணியும் ஒருகாலத்தில் எங்கும் பயன்பட்டன. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் அவர்தம் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று உச்சநீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பழைய கொதிகலன்களில் அவ்வுறை காணப்படின், அங்கத்தினர் தாமே அதைப் பிய்த்தெடுக்கலாகாது. தேர்ந்தவரைக் கொண்டே அகற்றுவிக்க வேண்டும். கண்ணாடிக் கம்பளியும் தோலை அரிக்கச் செய்யும். கையுறையும் முகக்கவசமும் அணிந்தே கையாளுதல் வேண்டும்.

காப்பு வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி ஆகியவற்றை ஒருபோதும் மூடலாகாது. மின்சூடேற்றியாயின், செய்தவர் அனுமதித்த பகுதியை மட்டுமே போர்த்துக. அளவு மீறிப் போர்த்தினால் கம்பியே கருகிவிடும்.

தனித்தனியே வாங்குவோர் கடைக்காரர் சொல்லை நம்பவேண்டியிருக்கும். சங்கத்தின் வாயிலாகச் சேர்ந்து வாங்கினால், தாங்கும் வெப்ப அளவையும் கல்நார் கலவாமையையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம். விறகு மிச்சமாவது இலாபமே. உழைப்பவரின் மூச்சைக் காப்பது அதனினும் பெரிது.