மரம் கழிக்கும் தொழிலுக்கு வண்டியும் இயந்திரமும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பகுதித் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த காட்சியை வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தை அறுக்கும் ஆளைத் தேடிப் பிடித்துவிடலாம். அறுத்ததை அள்ளிச் செல்வதே பெரும்பாடு என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

சபரை முடித்து ஊர் திரும்பும் இளைஞர்கள் சிலர், கிளை கழிப்பதையும் மட்டை அகற்றுவதையும் முறையான தொழிலாகச் செய்ய எண்ணுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால், பல்லாண்டுச் சேமிப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் முதலில் போய் நிற்பது கிளைகளைத் துகளாக்கும் சிப்பர் இயந்திரத்தின் முன்னால். அங்கேதான் கணக்குப் பிசகுகிறது. வேலை கிடைக்கும் தெருக்களின் அகலத்தைப் பார்த்து வண்டியையும், வண்டியைப் பார்த்து இயந்திரத்தையும் தேர்ந்தெடுப்பதே முறை.

துகளாக்கினால் குவியல் சுருங்கும், எடை சுருங்காது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். பச்சைத் துகள் ஒரு கன மீட்டர் 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். ‘குட்டி யானை’ என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியின் தளம் சுமார் ஏழடி நீளம், ஐந்தடி அகலம். தாங்கும் சுமை முக்கால் டன் அளவே. அதில் இரண்டடி உயரத்துக்குத் துகளைக் கொட்டினாலே இரண்டு கன மீட்டர், அதாவது 600 முதல் 800 கிலோ வரை ஆகிவிடுகிறது. பலகை அடித்து நான்கடி உயர்த்துவோர், ஒன்றரை டன்னைச் சுமத்திவிட்டு அச்சு முறிந்ததென வருந்துகின்றனர்! 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய்; மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

டிராக்டர் வைத்திருப்போருக்கு ஒரு வசதி உண்டு. அதன் பி.டி.ஓ. தண்டிலேயே சிப்பரை இயக்கலாம். தனி எஞ்சின் வேண்டாம். தோப்பு வேலைக்கு இதுவே சிறந்தது. ஆனால் டிராக்டரும் டிரெய்லரும் நம்மூர்ச் சந்துகளில் திரும்பா. விவசாயத்துக்கெனப் பதிவு செய்த டிராக்டரைக் கூலி வேலைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காமல் போகக்கூடும். சந்துக்குள் வேலை எனில் சிறு வண்டியும், தனி எஞ்சினுடன் ஆட்கள் தள்ளிச் செல்லக்கூடிய சிறிய சிப்பருமே பொருந்தும்.

இயந்திரத்தைக் கடைக்காரர் ஓட்டிக் காட்டும் காய்ந்த குச்சியை நம்பாதீர்கள். பச்சைத் தென்னை மட்டை, வேப்பங்கிளை, புளியங்கிளை ஆகியவற்றை நீங்களே கொண்டு சென்று ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். மட்டையின் நார் சுழலும் தண்டில் சுற்றிக்கொள்கிறதா, உருளை தானே இழுக்கிறதா, நெருக்கடியில் உடனே நிறுத்தும் தடி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மாற்றுக் கத்தியின் விலையையும் கேளுங்கள். மணல் ஒட்டிய ஒரு கிளை போதும், முனை மழுங்கிவிடும். லுங்கியும் தலைத்துண்டுமாக இதன் அருகே எவரையும் நிற்க விடாதீர்கள். இழுத்த துணியோடு கையையும் இழுக்க அதற்கு நொடிப்பொழுது போதும்.

வட்டிக் கடனுக்கு அஞ்சுவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. கைப்பணத்தில் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை வாங்கி, ஒரு பருவம் சிப்பரை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். மாதத்தில் எத்தனை நாள் அது உண்மையில் ஓடியது என்ற குறிப்பேடே, சொந்தமாக வாங்குவதா வேண்டாமா என்பதைச் சொல்லிவிடும். துகளை அருகிலுள்ள தோப்புகளில் தென்னம்பாத்திக்கு மூடாக்காகப் போட ஏற்பாடு செய்துகொண்டால் நடைக்கூலியும் குறையும்.

ஓட்டுநர் உரிமம் பற்றிப் பலருக்கு ஐயம் உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. அளவான வண்டியாக இருந்தால் தனி ஓட்டுநர் வேண்டாம். அந்தச் சம்பளம் கீழே நின்று கயிறு பிடிப்பவருக்கு ஆகும்.